கத்திரிச் செடியின் அடி இலைகள்

தம்பி,

கத்திரிச் செடிகள் நான்கையும் பிடுங்கிவிட்டேன். கறுப்புப் பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, வெயிலில் வைத்திருக்கிறேன். நீ சொன்ன முறைப்படிதான். மிளகாய்ச் செடிகளும் இப்போது என்னிடம் இல்லை. அவை சாகவில்லை, நன்றாகவே இருக்கின்றன, ஆனால் வேறொரு வீட்டில் இருக்கின்றன. இதை ஞாயிற்றுக்கிழமை போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் நீ கேள்வி கேட்பாய், நான் பாதியில் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன். போர்ட் கிள்ளானில் கப்பல் ஏஜெண்ட் அலுவலகத்தில் நான் செயலாளராக இருந்தபோது, என் மேலாளர் கஷ்டமான விஷயம் எதையும் தொலைபேசியில் சொல்லமாட்டார். பேசினால் குறுக்கே விழுவார்கள், எழுதினால் கடைசி வரி வரை படித்தே ஆகவேண்டும் என்பார். அதனால் எழுதுகிறேன்.

அம்மா ஏன் தமிழில் எழுதுகிறாள் என்று உனக்குத் தோன்றும். கான்வென்ட்டில் படித்தவள், வாழ்நாள் முழுக்க ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தவள். அதனாலேயே ஆங்கிலத்தில் முடியவில்லை. முயன்று பார்த்தேன். மூன்றாவது வரியிலேயே சரக்கு தாமதமானதற்கு வருத்தம் தெரிவிக்கும் கடிதம் போல ஆகிவிட்டது. தமிழ் எனக்கு என் அப்பா சாப்பாட்டு மேசையில் சொல்லிக்கொடுத்தது. அதில் எனக்குப் பதவி எதுவும் கிடையாது. இதை வேறு யாராவது படித்தாலும் எனக்கு வெட்கமில்லை. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகள் இந்தத் தெருவிலேயே நிறைய இருக்கின்றன. அந்த வீடுகளிலும் ஞாயிற்றுக்கிழமைகள் வரத்தான் செய்கின்றன.

உன் அப்பா இருந்தவரை போன் அவருடையது. நீ அழைப்பாய், அவர் எடுப்பார், இருவரும் கால்பந்து, மழை, விலைவாசி என்று ஊரையே சுற்றி வருவீர்கள். கடைசியில், "இரு, அம்மாகிட்ட குடுக்குறேன்" என்பார். நான் சாப்பிட்டாயா என்று கேட்பேன், நீ சாப்பிட்டேன் என்பாய், முடிந்தது. அவர் போன பிறகுதான் தெரிந்தது, உனக்கும் எனக்கும் பேசிப் பழக்கமே இல்லை என்று. நீ கடமை தவறாமல் ஒவ்வொரு ஞாயிறும் அழைத்தாய். மருந்து போட்டீங்களா, போட்டேன். கேட்டைப் பூட்டினீங்களா, பூட்டினேன். அப்புறம் ஒரு அமைதி வரும். "சரிம்மா, வரட்டுமா?" என்பாய். நானும் உடனே சரி என்பேன், ஏதோ அடுப்பில் பால் வைத்திருப்பவள் போல. போனை வைத்துவிட்டு அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பேன். அடுப்பில் ஒன்றும் இருக்காது.

பிறகு வெள்ளை ஈ வந்தது. பின்வாசலில் நான் வைத்திருந்த மிளகாய்ச் செடிகளின் இலைகளில் முதலில் ஒரு பிசுபிசுப்பு, அப்புறம் அடுப்புக்கரி பூசினாற்போல ஒரு கறுப்பு. துணியால் துடைத்தேன். மறுபடியும் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த அமைதி வரப்போகிற நேரம் பார்த்து, ஏதாவது சொல்ல வேண்டுமே என்றுதான் சொன்னேன், மிளகாய் இலை கறுத்துப் போகிறது என்று. உன் குரல் மாறிவிட்டது. "வீடியோவுல வாங்கம்மா" என்றாய். நியூசிலாந்தில் கண்ணாடிக் கூடத்துத் தக்காளிகளுக்கு நடுவே நீ என்ன வேலை செய்கிறாய் என்று இத்தனை வருடம் யாராவது கேட்டால், "பூச்சி சம்பந்தப்பட்ட வேலை" என்று சொல்லி முடித்துக்கொள்வேன். அன்றுதான் நீ வேலை செய்வதைப் பார்த்தேன்.

"இலைய திருப்புங்கம்மா. அடிப்பக்கம் காட்டுங்க."

"இதோ."

"அது உங்க விரலும்மா."

"விரலுக்குப் பக்கத்துல இருக்கு பாரு."

"ஆடாம புடிங்க… ஆ, இருக்கு. அந்த செதில் மாதிரி ஒட்டியிருக்கு பாருங்க, அதான் குஞ்சு. பறக்குறது பெருசு. எல்லாமே அடிப்பக்கம்தான் இருக்கும். நீங்க மேல மேல தொடச்சிட்டு இருந்திருக்கீங்க."

அன்று எவ்வளவு நேரம் பேசினோம் என்று நான் பார்க்கவில்லை. நீ என்னைப் பின்வாசல் முழுக்க நடக்கவைத்தாய். செம்பருத்தியைக் காட்டச் சொன்னாய், இருந்தது. வெண்டையைக் காட்டச் சொன்னாய், இருந்தது. சமையல் வாசனைக்கு வைத்திருந்த ரம்பை இலையையும் செராய் புல்லையும் அந்த ஈக்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொய்யா இலையில் சுருள் சுருளாக வெள்ளை மெழுகு படிந்திருந்ததைக் காட்டினேன். "அது வேற சாதிம்மா, அதோட கத வேற" என்று தள்ளிவைத்தாய். வெள்ளை ஈக்கும் வாய்ருசி உண்டு, கண்ட இலையில் உட்காராது, உட்கார்ந்தாலும் எல்லா இலையிலும் முட்டை வைக்காது, மிளகாய் அதற்கு வேறு வழியில்லாமல் சாப்பிடுகிற சோறு, கத்திரி விருந்து என்றாய். அகலமான மெத்தென்ற இலை, அடியில் மெல்லிய ரோமம், அதுதான் அதற்குப் பிடிக்கும். ஆகவே மிளகாயைக் காப்பாற்ற மிளகாய்க்கு மருந்தடிக்க வேண்டாம், சற்றுத் தள்ளி நாலு மூலையிலும் வளர்ந்த கத்திரிச் செடிகளை வைத்தால் போதும், ஈக்கள் தாமாகவே அங்கே போகும் என்றாய். பொறிச் செடி என்று அதற்குப் பெயர் சொன்னாய்.

நீ சொன்னதைக் கேட்டேன் என்பது உண்மை. ஆனால் பாதியைத்தான் கேட்டேன். நான் இலையைக் காட்டும்போது போனில் உன் முகம் பெரிதாகத் தெரிந்தது. நீ இலையைப் பார்த்தாய், நான் உன்னைப் பார்த்தேன். காதோரம் நரைத்திருக்கிறது, உன் அப்பாவுக்கு நரைத்த அதே இடம். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்க்கிறாய். உனக்குப் பின்னால் சமையலறை தெரிந்தது. கழுவி வைத்த ஒரு தட்டு, ஒரு கோப்பை. உன் மனைவி பிரிந்துபோனதை நீ எனக்கு ஒரே வரியில் சொன்னாய். நானும் ஒரே வரியில், "சரி, உடம்பைப் பாத்துக்க" என்றேன். அந்த ஒற்றைத் தட்டைப் பார்த்த பிறகுதான், அது ஒரு வரியில் அடங்குகிற விஷயமில்லை என்று எனக்கு உறைத்தது.

கத்திரிச் செடிகளை வைத்தேன். வேலை செய்தது. ஒவ்வொரு ஞாயிறும் மிளகாயில் குறைந்து கத்திரியில் கூடிக்கொண்டே போனது. கத்திரிக்குச் செய்ய வேண்டியதையும் நீ சொல்லியிருந்தாய். காலைக் குளிரில் ஈக்கள் மந்தமாக இருக்கும்போது இலையின் அடியில் சோப்புத் தண்ணீர் தெளிக்க வேண்டும். செடிக்கு மேலே மஞ்சள் ஒட்டும் அட்டை தொங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வாரம் தவறாமல் அடி இலைகளைக் கிள்ளிப் பையில் கட்டிவிட வேண்டும், ஏனென்றால் அவை மேல் இலையில் முட்டை வைக்கும், செடி வளர வளர அந்த இலையே அடி இலையாகிவிடும், அங்கேதான் குஞ்சு இறகு முளைத்துப் பறக்கும். "கிள்ளாம விட்டீங்கன்னா அது பொறி இல்லம்மா, பிரசவ ஆஸ்பத்திரி" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். உன்னோடு சேர்ந்து நான் கடைசியாக எப்போது சிரித்தேன் என்று யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னாய், "இன்னும் ரெண்டு வாரம்மா, முடிஞ்சிரும். அப்புறம் கவலையே இல்ல." அந்த வாரம் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனேன். முதல் செடியின் அடி இலையைத் திருப்பினேன். செதில் செதிலாக ஒட்டியிருந்தன. கத்தரிக்கோலை வைத்தேன், அழுத்தவில்லை. உள்ளே வந்து கத்தரிக்கோலைக் கழுவித் துடைத்து அதன் இடத்தில் வைத்தேன். நான் என்ன செய்கிறேன் என்று எனக்கு நன்றாகவே தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லமாட்டேன். என் மிளகாய்க்கு மட்டும் நீ சொன்ன மெல்லிய வலையைப் போட்டு மூடிவிட்டேன். கத்திரியை ஈக்களுக்கு விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகள் எனக்குத் திருவிழா. நீ குழம்பினாய், நான் இலை காட்டினேன். நீ வேறு சோப்பு சொன்னாய், அட்டையை இடம் மாற்றச் சொன்னாய், எல்லாவற்றையும் எழுதிக்கொள்வது போல பாவனை செய்தேன். நடுநடுவே நீ வேறு பேச்சும் பேசத் தொடங்கினாய். அங்கே குளிர் எப்படி இருக்கிறது என்று சொன்னாய். மீன் கறிக்குப் புளி எவ்வளவு என்று கேட்டாய். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நீ மாணவனாக இருந்த அந்த வாடகை அறையில் ஜன்னல் மூடவே மூடாது என்பதை இருபது வருடம் கழித்துச் சொன்னாய். அந்த அறைக்கு அப்பாவும் நானும் புறநகர் ரயிலில் கறி கொண்டுவருவோமே, உனக்கு நினைவிருக்கும். அப்பாதான் ஒவ்வொரு முறையும், "பையன பாக்கணும்போல இருக்கு, வா போவோம்" என்று கிளப்புவார். நான் பையைத் தூக்கிக்கொண்டு, ஏதோ அவருக்குத் துணையாக வருகிறவள் போல வருவேன், உன் கழுவாத பாத்திரங்களைக் குறை சொல்வேன். தம்பி, அந்த ஆசை அவருடையது மட்டுமல்ல. நான் இரண்டு நாளாகப் பேசாமல் பாத்திரம் விளக்குவதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் அப்படிச் சொல்வார். நான் கேட்காததை எனக்காகக் கேட்கிறவராக அவர் இருந்தார். கான்வென்ட்டில் எங்களுக்குக் கற்பித்த முதல் ஒழுக்கம் கையை நீட்டாதே என்பது. தட்டில் வைத்ததைச் சாப்பிடு, இன்னும் வேண்டும் என்று கேட்காதே, கண்ணால்கூடக் கேட்காதே. அந்தப் பாடத்தில் நான் வகுப்பில் முதல். நாற்பது வருடம் அவரே என் வாயாக இருந்ததால், எனக்கு வாயில்லை என்பதே எனக்குத் தெரியாமல் போயிற்று.

பிறகு நீ கவலைப்பட ஆரம்பித்தாய். "நான்தான் ஏதோ தப்பா சொல்லிட்டேன்போலம்மா. இவ்ளோ நாள் ஆகாது" என்றாய். உன்னோடு வேலை செய்கிறவர்களிடம் கேட்டதாகச் சொன்னாய். வெப்ப நாட்டில் இது வேறு மாதிரி நடக்குமோ என்று தேடித் தேடிப் படித்ததாகச் சொன்னாய். "ஷா ஆலத்துல என்கூட படிச்சவன் ஒருத்தன் இருக்கான், இந்த லைன்லதான் இருக்கான். அவன அனுப்புறேன், நேர்ல பாத்தாத்தான் புரியும்" என்றாய். நேரில் பார்த்தால் புரியும் என்ற இடத்தில், நீ வருவதாகச் சொல்லப்போகிறாய் என்று நினைத்துவிட்டேன். நீ வேறொருவரை அனுப்புவதாகச் சொன்னாய். குறை சொல்லவில்லை. நான் கேட்டிருந்தால்தானே நீ வரமுடியும்?

அந்த வாரம்தான் லட்சுமி வந்தாள். பக்கத்து வீட்டு லட்சுமியை உனக்குத் தெரியும், போர்ட் கிள்ளானில் கன்டெய்னர் லோரி ஓட்டுகிறவரின் மனைவி. காலையில் முச்சந்தியில் நாசி லெமாக் விற்கிறாள். அந்தத் தேங்காய்ப்பால் சோற்றுக்கல்ல, அதோடு தரும் மிளகாய்ச் சம்பலுக்குத்தான் ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள், அந்தச் சம்பலுக்கு அவள் பின்சந்தில் பைகளில் வளர்க்கும் சிலி பாடி, அந்த ஊசி மிளகாய்தான் உயிர். பின் கேட்டைத் தட்டினாள்.

"ஆன்டி, கொஞ்சம் வெளிய வாங்க. எஞ் செடிய பாருங்க."

போய்ப் பார்த்தேன். நுனி இலைகள் எல்லாம் மஞ்சளாகிச் சுருண்டிருந்தன. பூ உதிர்ந்து கிடந்தது. இது எந்த மருந்துக்கும் திரும்பாத நோய், வெள்ளை ஈ வாயில் கொண்டுவந்து செலுத்துவது, வந்தால் செடியைப் பிடுங்குவது தவிர வழியில்லை என்று நீ எனக்குச் சொல்லியிருந்தாய்.

"உங்க பக்கத்துலருந்துதான் வருது ஆன்டி. அந்த கத்திரிக்கா செடிய தொட்டா பொகை மாதிரி கெளம்புது லா. உங்க மவன் சொல்லித்தானே வச்சீங்க?"

"ஆமா."

"நியூசிலாந்துல பெரிய ஆளுன்னு சொன்னீங்க. கண்ணாடி வீட்டுக்குள்ள வளக்குற செடிதான் அவருக்கு தெரியும்போல. நம்ம ஊரு பூச்சி தெரியல. தெரியாட்டி சும்மா இருக்கணும், இல்லையா?"

அவள் என்னை என்ன சொல்லியிருந்தாலும் நான் பேசாமல் கேட்டிருப்பேன். உன்னைச் சொன்னாள். உனக்கு வேலை தெரியாது என்று, என் வீட்டுப் பின்சந்தில், என் காது கேட்கச் சொன்னாள். அதற்குக் காரணம் நான்.

"அவன் சொன்னது சரிதான் லட்சுமி. நான்தான் செய்யல."

"ஏன் செய்யல? முட்டி வலியா?"

"முட்டியெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"பெறகு?"

எனக்கு வேறு எந்தக் காரணமும் கிடைக்கவில்லை. "பூச்சி போயிட்டா, அவன் எதுக்கு அவ்வளவு நேரம் பேசுவான்?" என்றேன்.

"ஐயோ ஆன்டி" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். "பூச்சிக்கு வச்ச பொறியில மவன புடிச்சி வச்சிருக்கீங்களா?" சிரித்தாள். சிரித்து முடித்ததும் கோபம் திரும்பி வந்தது. "அதுக்கு எஞ் செடிதான் கெடச்சுச்சா? பேசணும்னா 'டேய், பேசுடா'ன்னு சொல்ல வேண்டியதுதானே. அவரு என்ன மந்திரியா, அப்பாயின்மென்ட் வாங்கணுமா?"

"எனக்குக் கேட்டுப் பழக்கமில்ல."

"எனக்கும் கடையில மொளகா வாங்கி சம்பல் அரைச்சி பழக்கமில்ல."

உள்ளே போய் வலையை அவிழ்த்து, என் மிளகாய்த் தொட்டிகளை ஒவ்வொன்றாக அவள் கேட்டுக்குக் கொண்டுபோனேன். மன்னிப்பும் கேட்டேன், தமிழில், முழு வாக்கியமாக. அவள் மனம் இளகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. ஒவ்வொரு தொட்டியாக வாங்கி, இலைகளைத் திருப்பித் திருப்பி அடிப்பக்கம் பார்த்துத்தான் உள்ளே வைத்தாள். சம்பலுக்கு இது போதாது என்றும் சொன்னாள். அவளுடைய பைகளில் பாதிக்கு மேல் பிடுங்க வேண்டியிருக்கும். கடைசித் தொட்டியை வாங்கும்போது, "உங்களுக்கு ஒண்ணு வச்சிக்கலையா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். ஒன்று வைத்துக்கொண்டிருந்தால் அடுத்த ஞாயிறு அதைத்தான் உனக்குக் காட்டிக்கொண்டிருப்பேன். பிறகு திரும்பி வந்து கத்திரிகளைப் பிடுங்கினேன். அவை நன்றாக வேர் விட்டிருந்தன, சுலபத்தில் வரவில்லை.

ஆகவே உனக்குச் சொல்ல வேண்டியது முதலில் இது: நீ தப்பாக எதுவும் சொல்லவில்லை. நீ சொன்ன ஒவ்வொன்றும் இந்த ஊர் வெயிலிலும் சரியாகத்தான் இருந்தது. உன் நண்பரை வரவேண்டாம் என்று சொல்லிவிடு, வந்தால் பார்ப்பதற்கு இங்கே ஒன்றுமில்லை. உன் வேலையை நீயே சந்தேகப்பட வைத்தேனே, அது என்னைச் சாப்பிட விடவில்லை.

அடுத்தது புத்திமதி. அம்மா எழுதும் கடிதத்தில் அது இல்லாமலிருக்காது, பொறுத்துக்கொள். என்னிடமிருந்து உனக்கு நல்ல கையெழுத்தும் நேரம் தவறாமையும் வந்திருக்கின்றன. அவற்றோடு கேட்கத் தெரியாத இந்த நோயும் வந்திருக்கிறது. போன குளிர்காலத்தில் காய்ச்சலில் கிடந்ததை, குணமாகி வேலைக்குப் போன பிறகுதான் சொன்னாய். உன் மனைவி போனதை ஒரு வரியில் சொன்னாய். போகாதே என்று அவளிடம் ஒரு தடவையாவது சொன்னாயா என்று நான் கேட்கமாட்டேன். ஆனால் சொல்லியிருக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நீ நியூசிலாந்துக்குக் கிளம்பிய அன்று விமான நிலையத்தில் நானும் உன்னிடம் சொல்லவில்லை. அப்பா அழுதார். நான் உன் சட்டைக் காலரைச் சரிசெய்தேன். அழுகிறவர்கள்தான் பலவீனமானவர்கள் என்று அன்று நினைத்தேன். அவர் அழுது முடித்து, வீடு திரும்பி நன்றாகத் தூங்கினார். நான் அந்தக் காலரை இன்னும் சரிசெய்துகொண்டிருக்கிறேன். வேண்டும் என்று சொல்வதற்கு நல்ல சாக்கு ஒன்றைத் தேடித் தேடியே என் வயது போய்விட்டது. நீ அப்படிச் செய்யாதே. சாக்கு வளர வளர அது அடுத்த வீட்டுச் செடியைத் தின்கிறது.

இனி என்னிடம் பூச்சி இல்லை, செடி இல்லை, காட்டுவதற்கு ஓர் இலைகூட இல்லை. பின்வாசல் சிமெண்ட் தரையைக் கழுவி விட்டுவிட்டேன், பார்க்க ஆஸ்பத்திரி போல இருக்கிறது. உனக்கு லீவு கிடைக்கும்போது வா. எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும். இதை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து நடந்துவிட்டு வந்தேன், அந்த வரியை அடிக்காமல் விட்டுவிட்டேன்.

அதுவரை ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. இந்த ஞாயிறு நீ அழைக்க வேண்டாம், நான் அழைக்கிறேன். உன் எண்ணை நான் ஒரு தடவைகூட அழுத்தியதில்லை, எப்படியும் கண்டுபிடித்துவிடுவேன். என்ன பேசுவேன் என்று எனக்கு இப்போது தெரியாது. மருந்து போட்டேனா என்று கேட்காதே, போட்டிருப்பேன். நடுவில் நான் பேசாமல் இருந்தால், லைன் போய்விட்டது என்று நினைத்துப் போனை வைத்துவிடாதே. நான் இருப்பேன்.

அம்மா